வேதியியல் முதுநிலைக்குப் பிறகு மூலக்கூற்றுப் படமாக்க ஆய்வு: போகலாமா?

முக்கூடல் மகள் | சனி, இரவு 9:10

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் முதுநிலை முடித்திருக்கிறேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. மும்பையில் கதிரியக்க மருந்துகளை உருவாக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. புற்றுநோயைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் செய்து, அவற்றை முதலில் எலியிலும் பிறகு மனிதரிலும் பெட் ஸ்கேன் மூலம் படமெடுத்துப் பார்ப்பதுதான் அங்கே வேலை என்று சொன்னார்கள்.

எனக்கு விருப்பம் இருக்கிறது. அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தவர். விஷயத்தைச் சொன்னதும், "உனக்குச் சரியென்று பட்டால் போ" என்று கூறிவிட்டு மடியில் இருந்த தட்டுக்குத் திரும்பிவிட்டார். தாய்மாமாதான் விடுவதாக இல்லை. கூடங்குளம் போராட்டம் நடந்த காலத்தில் ராதாபுரம் பக்கம் வேலை பார்த்தவர் அவர். அணுவோடு புழங்கிய பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அவருடைய முதல் கேள்வி. இத்தனை வருடம் படித்துவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பினால் வேலை உண்டா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது; இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் உண்மை நிலவரத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.


கல்லிடைக்குறிச்சிக்காரி | சனி, இரவு 11:40

தங்கச்சி, நானும் உன்னைப் போல வேதியியல் வழியாக வந்தவள்தான். பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. மாமாவின் கேள்விகளுக்கு மற்றவர்களும் பதில் சொல்வார்கள். நான் முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேர்காணலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்கேன் இயந்திரத்தைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள், உள்ளே செலுத்தும் மருந்தைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

சி.டி. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் அந்த உறுப்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். குளுக்கோஸில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவை வைத்தால் எஃப்.டி.ஜி. கிடைக்கிறது. செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்து ஒரு பாஸ்பேட்டையும் ஒட்டிவிடும். அதற்கு மேல் அதைச் செரிக்க முடியாததால் அது செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பல புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை வாரி இழுப்பவை என்பதை வார்பர்க் 1920களிலேயே கண்டிருந்ததால், சர்க்கரை எங்கே குவிகிறதோ அங்கே சந்தேகப்படலாம். மாட்டிக்கொண்ட ஃபுளோரின் சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்), பக்கத்தில் உள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களாக எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. அந்த இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் வளையத்தைத்தான் நாம் ஸ்கேனர் என்கிறோம்.

இப்போது பதநீரை நினைத்துக்கொள். விடியலில் இறக்கி, வெயில் ஏறுவதற்குள் குடித்தாக வேண்டும். பதநீருக்காவது கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் நிறுத்தலாம். ஃபுளோரின்-18ஐ நிறுத்த எந்தச் சுண்ணாம்பும் கிடையாது. அதன் அரை ஆயுள் 110 நிமிடம். காலை 6 மணிக்குச் செய்த மருந்து 7:50க்குப் பாதி, 9:40க்குக் கால், 11:30க்கு அரைக்கால். கார்பன்-11 இன்னும் மோசம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நிமிடம்தான், ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கல்லூரியில் நாம் ஒரு வினையை இரவு முழுக்கக் கலக்கவிட்டு மறுநாள் வந்து பார்ப்போம் அல்லவா, அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். வினை, தூய்மையாக்கல், தரச் சோதனை எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும், அதுவும் ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம், உன் கை நேரில் படாமல்.

முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கதிரியக்க அணுக்களைச் செய்யும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் கார்பன்-11 தயாராகிக் குழாய் வழியாக என் பெட்டிக்கு வர வேண்டும். அடுத்த அறையில் எலி மயக்கத்தில் இருந்தது. தொலைபேசியில் "அனுப்பிவிட்டோம்" என்றார்கள். என் பக்கத்து அளவியின் முள் அசையவே இல்லை. ஒரு சிறிய வால்வைத் திறக்க மறந்திருந்தேன் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது; அதற்குள் பொருளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, வினையை முடித்தால் மிஞ்சுவது படத்துக்குப் போதாது. அடுத்த முறை எனக்குச் சைக்ளோட்ரான் நேரம் கிடைக்க ஒன்பது வாரம் காத்திருந்தேன். இந்த மாதிரி நாட்களைத் தாங்குகிற மனம் இருக்கிறதா என்பதுதான் நீ உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது.


மேலப்பாளையத்தான் | ஞாயிறு, காலை 7:25

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வீட்டு நிலைமையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அணு மருத்துவத் தொழில்நுட்பப் படிப்பு முடித்துவிட்டு வெளியூர் மருத்துவமனை ஒன்றில் பெட் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கிறேன். படிப்பு முடிந்த அடுத்த மாதமே சம்பளம் வந்தது. முனைவர் பட்டம் என்றால் ஐந்து ஆறு ஆண்டுகள், அதன் பிறகு வெளிநாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள், அதற்கும் பிறகுதான் நிலையான வேலையைப் பற்றிப் பேச முடியும். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. முக்கூடலில் இருந்து பார்த்தால் பெரிய தொகைதான். மும்பையில் இருந்துகொண்டு வீட்டுக்கும் அனுப்ப வேண்டுமென்றால் இழுத்துப்பிடித்துத்தான் செலவழிக்க வேண்டும்.

மாமாவின் பயத்துக்கு என் அனுபவத்தில் இருந்து ஒன்று. எக்ஸ்ரே அறையில் அணியும் ஈய மேலங்கியை நாங்கள் பெட் பிரிவில் அணிவதில்லை என்று சொன்னால் எல்லோரும் திகைக்கிறார்கள். அந்த மேலங்கியில் இருப்பது அரை மில்லிமீட்டர் ஈயம். 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைப் பாதியாகக் குறைக்கவே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். மேலங்கி போட்டால் பாரம்தான் மிச்சம். ஆகவே எங்கள் பாதுகாப்பு மூன்று விஷயங்களில்தான் இருக்கிறது: கைவேலையைச் சீக்கிரம் முடிப்பது, தள்ளி நிற்பது, கனமான ஈயக் கூட்டுக்குள் ஊசியை வைத்துக் கையாள்வது. மருந்து செலுத்தப்பட்டவரிடம் பேச வேண்டியதை எல்லாம் ஊசி போடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவோம்.


சந்திப்பு வாத்தியார் | ஞாயிறு, காலை 10:05

நாற்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மாமாவின் முதல் கேள்விக்கு எண்களில் பதில் சொல்ல விரும்புகிறேன். கதிரியக்கப் பணியாளர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ள வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்தத் தனி ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. கைகளுக்குத் தனி வரம்பு உண்டு, ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட். இயற்கையாகவே உலகில் ஒரு மனிதர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இந்த இயற்கை அளவு இதைவிட அதிகம், அங்கே கல்யாணம் நின்றுபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பணியாளர் மார்பில் அணியும், பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பட்டையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாங்கி அளந்து பதிவு செய்வார்கள். பெண் பணியாளர் கருவுற்றதைத் தெரிவித்தால் அதன்பின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதற்கேற்ப வேலையை மாற்றித்தர வேண்டும். அணுஉலையும் இந்த ஆய்வுக்கூடமும் ஒன்றல்ல என்பதை மாமாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லம்மா. அவரைக் கேலி செய்யாதே, அவர் பயந்த காலத்தில் அவருக்கு யாரும் சரியாக விளக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சி அம்மையார் எழுதியதைப் படித்தால் வேதியியல் ஒன்றே இத்துறையின் வாசல் என்பது போலத் தோன்றுகிறது. அதை மட்டும் நான் ஒப்பவில்லை. அரியானாவின் அம்பாலாவில் 1962இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சஞ்சீவ் சாம் கம்பீர், முதலில் படித்தது இயற்பியல். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவப் பட்டத்தோடு உயிர்க் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 2003இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் மூலக்கூற்றுப் படமாக்கத்துக்கென்றே ஒரு பெரிய குழுவைக் கட்டினார். ஒரு செல்லுக்குள் அறிவிப்பு மரபணு ஒன்றை வைத்து, அந்தச் செல் உடம்பில் எங்கே போகிறது என்று பெட் ஸ்கேனில் பின்தொடரலாம் என்பதில் அவர் பங்கு பெரியது. மூளைப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்திய நோயெதிர்ப்புச் செல்களை அப்படிப் படமெடுத்துக் காட்டிய அறிக்கை 2009இல் வந்தது. அவருடைய மகன் 2015இல் மூளைப் புற்றுநோயால் இறந்தான். 2020இல் அவரும் புற்றுநோயால் மறைந்தார், வயது 57.


பேட்டை | ஞாயிறு, மாலை 4:50

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். இத்துறையை விட்டு வெளியேறியவன் ஒருவனும் பேசட்டும்.

நான் ஆறு ஆண்டுகள் ஒரே ஒரு மூலக்கூறின் மேல் வேலை செய்தேன். கண்ணாடிக் குப்பியில் அது இலக்குப் புரதத்தோடு இறுக்கமாக ஒட்டியது. எலியில் கட்டி பளிச்சென்று தெரிந்தது, கட்டுரையும் வந்தது. அத்துடன் முடிந்தது. மனிதருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நச்சுத்தன்மைச் சோதனை, கிருமியற்ற தயாரிப்பு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், சம்மதிக்கும் மருத்துவர், இவை அத்தனைக்கும் பணம் என்று வரிசையாக நிற்கிறது. என் நிறுவனத்தில் அந்த வரிசையின் முதல் ஆளைக்கூட எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லை. கட்டுரையில் முதல் பெயராக யாருடைய பெயர் வந்தது என்பதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. இப்போது மருந்து நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், நிம்மதியாக இருக்கிறேன்.

வெற்றி பெற்ற மூலக்கூறுகளுக்கும் எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேல் இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தை அடையாளம் காட்டிய எதிர்ப்பொருள் 1987இல் வெளிவந்தது. அதில் இண்டியம்-111 என்ற கதிரியக்க அணுவை ஏற்றிய படமாக்க மருந்துக்கு அமெரிக்காவில் 1996இல் அனுமதி கிடைத்தது. படங்கள் மங்கலாகவே இருந்தன. காரணம் என்ன தெரியுமா? அந்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொண்ட பகுதி புரதத்தின் உட்பக்கத்தில், செல்லுக்குள்ளே இருந்தது. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் அது நுழையாது, சிதைந்த செல்லில்தான் ஒட்டும். வாசலில் தாழ்ப்பாள் இருக்க, உள்ளறைப் பூட்டுக்குச் சாவி செய்தது போல. புரதத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டும் சிறிய மூலக்கூறுகள் வந்து, காலியம்-68 ஏற்றிய பி.எஸ்.எம்.ஏ.-11க்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2020 டிசம்பரில். முப்பத்து மூன்று ஆண்டுகள். ஒருவருடைய மொத்தப் பணிக்காலம் அது. இதைத் தெரிந்துகொண்டு போவதென்றால் போகட்டும்.


கல்லிடைக்குறிச்சிக்காரி | ஞாயிறு, இரவு 10:30

பேட்டைத் தம்பி, உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. அப்படி நடக்கும் இடங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வாத்தியார் ஐயா சொன்னதும் சரி. நான் என் வாசலைப் பற்றி மட்டும் பேசிவிட்டேன்.

ஆனால் முப்பத்து மூன்று ஆண்டுக் கணக்கை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். உட்பக்கத்தில் ஒட்டுகிறது என்பதைக் கண்டுசொன்னவர்களும் ஆய்வாளர்கள்தான். அவர்கள் இல்லையென்றால் வெளிப்பக்கத்துக்குச் சாவி செய்ய யாருக்குத் தோன்றியிருக்கும்? என் வகுப்பில் நான் அதிகம் சொல்வது அல்சைமர் நோய்க்கான மூலக்கூறின் கதை. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைப் பிணக்கூறாய்வில் பார்க்க நோயியலாளர்கள் தயோஃபிளேவின்-டி என்ற சாயத்தைப் பயன்படுத்திவந்தார்கள். உயிரோடு இருப்பவரின் மூளைக்கு அது போகாது, ஏனென்றால் அதில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பு மின்னூட்டமுள்ள மூலக்கூறை எளிதில் விடாது. பிட்ஸ்பர்க்கில் கிளங்க், மேத்திஸ் ஆகிய இருவரும் அந்த மின்னூட்டத்தை நீக்கிச் சாயத்தை நடுநிலையாக்கினார்கள். கார்பன்-11 ஏற்றிய அந்த மூலக்கூறு 2002இல் சுவீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. ஆய்வுக்கட்டுரை 2004இல் வந்தது. பத்தமடையில் கோரைக்குச் சாயம் ஏற்றுகிறவரிடம் கேட்டால், எந்தச் சாயம் எந்த நாரில் பிடிக்கும், எதில் பிடிக்காது என்று சொல்வார். நாங்களும் வாழ்நாள் முழுக்க அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம், நார் மட்டும் வேறு.

முக்கூடல் தங்கச்சிக்காக இன்னொருவரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த ஜோனா ஃபவுலர் வேதியியலாளர். 1976இல் எஃப்.டி.ஜி.யை முதலில் செய்த குழுவில் ஒருவர். செய்த மருந்தைச் சிறு விமானத்தில் ஏற்றிப் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆகஸ்ட் மாதம் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். அதே ஃபவுலர் 1996இல், புகைபிடிப்பவர்களின் மூளையில் மோனோ அமீன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி, புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருப்பதைப் பெட் ஸ்கேனில் காட்டினார். நிக்கோட்டின் அந்த நொதியைக் குறைப்பதில்லை. புகையில் உள்ள வேறு பொருட்கள் அதைச் செய்கின்றன. பீடி சுற்றும் வீட்டில் இருந்து ஒரு பெண் இந்தத் துறைக்கு வந்தால், இந்தப் பக்கத்தில் இன்னும் கேட்கப்படாத கேள்விகள் அவளுக்குத் தோன்றும் என்று எனக்குப் படுகிறது.

நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நீ அவர்களைக் கேட்க வேண்டியவை உண்டு. ஒரு மாணவருக்கு மாதத்தில் எத்தனை நாள் சைக்ளோட்ரான் நேரம் கிடைக்கும்? குழுவில் வாரந்தோறும் வந்து உட்காரும் மருத்துவர் இருக்கிறாரா? கடந்த பத்து ஆண்டில் இங்கே செய்த மூலக்கூறு எதுவாவது மனிதர் வரைக்கும் போயிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் பேட்டைத் தம்பியை நினைத்துக்கொள். கூடவே, அங்கே படித்து முடித்த பழைய மாணவர் இரண்டு பேரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கு.


முக்கூடல் மகள் | திங்கள், காலை 6:15

அக்கா, அண்ணாச்சிமார், ஐயா, எல்லோருக்கும் நன்றி. 40 விழுக்காடு விஷயத்தை நேற்று இரவே அம்மாவிடம் சொன்னேன். "சுற்றுகிறவளுக்கு என்ன ஆகுதுன்னு அதில் பார்க்கலாமா" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். மாமாவின் இரண்டாவது கேள்வி மட்டும் இன்னும் பாக்கி. சைக்ளோட்ரான் இல்லாத ஊரில் இப்படிப் படித்தவளுக்கு என்ன வேலை?


மேலப்பாளையத்தான் | திங்கள், பிற்பகல் 1:40

தங்கச்சி, சைக்ளோட்ரான் எல்லா ஊரிலும் தேவையில்லை. எங்கள் தொழிலில் "பசு" என்று ஒன்று உண்டு. மாலிப்டினம்-99 நிரப்பிய ஈயக் குடுவைதான் அது. அரை ஆயுள் 66 மணி நேரம். அது சிதைந்து டெக்னீஷியம்-99எம் ஆகிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை ஏற்றி அதைக் கறந்துவிடுவோம், மறுநாள் மறுபடி மடி நிறைந்திருக்கும். ஒரு வாரம் வரை கறக்கலாம். டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம் என்பதால் நிதானமாக வேலை செய்யலாம். பெட் ஸ்கேனுக்கும் இப்படி ஒரு பசு இருக்கிறது. அதில் ஜெர்மானியம்-68 காலியம்-68ஐத் தரும். ஜெர்மானியத்தின் அரை ஆயுள் 271 நாள், ஆகவே வாங்கி வைத்தால் மாதக்கணக்கில் கறக்கலாம். கறந்த காலியத்துக்கு 68 நிமிடம்தான் அரை ஆயுள், அதற்குள் மூலக்கூறோடு சேர்த்தாக வேண்டும். பேட்டை அண்ணாச்சி சொன்ன பி.எஸ்.எம்.ஏ.-11 இப்படித்தான் தயாராகிறது. கறந்ததை மருந்தாக்கி, நோயாளிக்குக் கொடுக்கத் தகுந்ததுதான் என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவதற்குப் பயிற்சி பெற்ற கதிர்வேதியியலாளர் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் மருத்துவமனைகள் அலைகின்றன. நேற்று நான் சீக்கிரம் சம்பளம் என்று சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட என் படிப்பு போதாது.


முக்கூடல் மகள் | மறு வாரம் வியாழன், இரவு 8:20

நேர்காணல் இணையவழியில் முடிந்தது. அக்கா சொன்ன கேள்விகளைக் கேட்டேன். சைக்ளோட்ரான் நேரம் மாதத்துக்கு இரண்டு நாள் என்றார்கள், சில மாதம் ஒன்றுதான். மருத்துவர் வாரம் ஒரு முறை வருகிறார். பத்து ஆண்டில் ஒரு மூலக்கூறு மனிதர் வரை போயிருக்கிறது; வேறு இரண்டு மூலக்கூறுகள் எலியோடு நின்றுவிட்டன என்று வழிகாட்டியே சொன்னார். பழைய மாணவி ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். சைக்ளோட்ரான் வரிசையைப் பற்றித்தான் முக்கால் மணி நேரமும் புலம்பினார், ஆனால் வராதே என்று சொல்லவில்லை. தேர்வாகிவிட்டேன்.

நாகர்கோவிலில் இருந்து வரும் மும்பை ரயிலில் டிக்கெட் எடுத்தது மாமாதான். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டையில் வரும் எண்ணை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டுமாம். 20ஐயும் 30ஐயும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.